கால்மாட்டில் ஒரு அடுப்பு

கோடைப் பிற்பகலில் பழைய கார்வெட் ஒன்றை அரை மணி நேரம் ஓட்டி இறங்கியவரிடம், முதலில் எங்கே சுட்டது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார்: வலது பாதத்தின் வெளிப்பக்கம். அமெரிக்கக் கார்களில் ஸ்டீயரிங் இடப்புறம் இருக்கும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும் வலது கால், காரின் நடுவே மேடாக ஓடும் டனலை உரசிக்கொண்டு நிற்கும். அந்த டனலுக்குள் கியர்பாக்ஸ். அதற்கு முன்னால், மெல்லிய ஒரு சுவருக்கு அப்பால், 8 சிலிண்டர் எஞ்சின். முதலில் பாதம், பிறகு கெண்டைக்கால், பிறகு கியர் லிவரைச் சுற்றியுள்ள பகுதி, கடைசியில் இருக்கைக்கு அடியிலுள்ள கார்ப்பெட் என்று சூடு மெல்ல ஏறி வரும்.

செவர்லே கார்வெட்டின் மூன்றாம் தலைமுறை 1968 மாடலாக அறிமுகமாகி 1982 வரை ஓடியது. சுறாவைப் போல முன்மூக்கு நீண்டு, இடுப்பு ஒடுங்கிய அந்த உருவத்தின் மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. ஆனால் அந்த அழகுக்கும் ஓட்டத்துக்கும் காரணமான அதே அமைப்புதான் உள்ளே இருப்பவரை வாட்டுகிறது. எடை முன்சக்கரங்களின் மேல் குவியாமல் இருக்க எஞ்சினைப் பின்னுக்குத் தள்ளி வைத்தார்கள். ஈர்ப்பு மையம் தாழ்ந்திருக்க ஓட்டுநரைத் தரையோடு தரையாகக் கால் நீட்டி உட்கார வைத்தார்கள். இரண்டும் சேர்ந்தபோது, ஓட்டுநரின் பாதம் எஞ்சினின் பின்பகுதிக்குப் பக்கத்து வீடாகிவிட்டது. இரண்டு புகைக்குழாய்களும் தரைக்கு அடியில்தான் பின்னோக்கி ஓடுகின்றன. அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றின் கதை இதுதான்.

வெப்பத் தொல்லை இந்தக் காரோடு கூடவே பிறந்தது. 427 கன அங்குல, அதாவது 7 லிட்டர், எஞ்சின் பொருத்திய கார்களுக்கு அந்தத் தாழ்ந்த மூக்கின் வழியே போதிய காற்று கிடைக்கவில்லை. கார்வெட்டின் பொறியியலை வழிநடத்திய ஜோரா ஆர்க்கஸ்-டன்டோவ், பத்திரிகையாளர்களுக்குக் காரைக் காட்டும் நாள் நெருங்கியபோது, மூக்கின் அடியில் இரண்டு திறப்புகளை வெட்டவைத்து ரேடியேட்டருக்குக் காற்று போக வழி செய்தார். எஞ்சின் பிழைத்தது. உள்ளே உட்கார்ந்திருப்பவரின் பாடு அப்படியேதான் இருந்தது.

இன்று இந்தக் கார்களை வைத்திருப்பவர்கள் வழக்கமாகச் செய்வது ஒன்று உண்டு. கடைக்குப் போய், ஒரு பக்கம் வெள்ளிபோல் மினுங்கும் கருப்புத் தாளைச் சுருள் சுருளாக வாங்கிவந்து, இருக்கை, கார்ப்பெட் எல்லாவற்றையும் கழற்றித் தரை முழுக்க ஒட்டுவார்கள். முதுகு ஒடியும் வேலை. பணமும் போகும். எல்லாம் முடிந்து ஓட்டிப் பார்த்தால், கதவைச் சாத்தும் ஓசை திடமாகக் கேட்கும், தரையின் அதிர்வு அடங்கியிருக்கும், பாதம் மட்டும் சுட்டுக்கொண்டே இருக்கும். அந்தத் தாளின் பெரும்பகுதி பியூட்டைல் ரப்பர். தகட்டின் அதிர்வை விழுங்கி ஒலியைக் குறைப்பது அதன் வேலை. வெப்பத்தை அது பெரிதாகத் தடுக்காது. மேலே இருக்கும் அலுமினியப் படலமோ கார்ப்பெட்டோடு ஒட்டிக் கிடக்கிறது. அது ஏன் பயனற்றுப் போகிறது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

வெப்பம் பயணிக்கும் விதம் மூன்று என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம்: கடத்தல், சலனம், கதிர்வீச்சு. தேர்வுக்கு மனப்பாடம் செய்து மறந்துபோன இந்த மூன்றையும் காரின் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடினால்தான் விஷயம் பிடிபடும். பலரும் முதலாவதோடு மட்டும் மல்லுக்கு நிற்கிறார்கள். பழைய கார்களில் பெரும் சேதம் மற்ற இரண்டின் வழியாகத்தான் நடக்கிறது.

முதலில் தரையையே எடுத்துக்கொள்வோம். கார்வெட்டின் உடல் ஃபைபர்கிளாஸ். இரும்பைவிட நூறு மடங்குக்கும் மேல் மந்தமாக வெப்பத்தைக் கடத்தும் பொருள். அப்படியானால் தரை குளுமையாக அல்லவா இருக்க வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏன் இல்லை என்பது தெரியும். மூன்று மில்லிமீட்டர் ஃபைபர்கிளாஸ் தகடு காட்டும் வெப்பத் தடை, அதற்கான அலகில் சுமார் 0.01. தகட்டின் மேல் அசையாமல் ஒட்டிக் கிடக்கும் மெல்லிய காற்றுப் படலத்தின் தடையோ சுமார் 0.1. கண்ணுக்குத் தெரியாத காற்று, தகட்டைவிடப் பத்து மடங்கு தடுக்கிறது. அந்த இடத்தில் இரும்புத் தகடு இருந்திருந்தாலும் மொத்தத்தில் பெரிய வித்தியாசம் வந்திருக்காது. மெல்லிய தகடு எதுவானாலும் வெப்பத்துக்கு அது திறந்த கதவுதான். அதன் மேல் ஆறு மில்லிமீட்டர் மூடிய நுண்ணறை நுரைத் தாளை விரித்தால் தடை 0.16 கூடும். வேலை செய்வது நுரையின் ரப்பர் அல்ல, அதற்குள் சிறைப்பட்டிருக்கும் காற்று.

இங்கே 1976-இல் நடந்த ஒரு மாற்றம் என் கவனத்தை ஈர்க்கிறது. புகைக் கட்டுப்பாட்டு விதிகளால் 1975 மாடலில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்தது. அதுவரை தனித்தனியாக ஓடிய இரண்டு புகைக்குழாய்கள் ஒன்றாகக் கூடி, ஒரே கன்வெர்ட்டருக்குள் புகுந்து, பின்பு மீண்டும் பிரிந்து வெளியேறின. சில நூறு டிகிரி சூடேறினால்தான் தன் வேலையைத் தொடங்கும் அந்த உலோகப் பெட்டி காலடியில் வந்து உட்கார்ந்தது. அடுத்த ஆண்டே, தரையின் ஒரு பகுதியை ஃபைபர்கிளாஸிலிருந்து இரும்புக்கு மாற்றினார்கள். கடத்தல் மட்டுமே கணக்கு என்றால் இது பின்னோக்கிய நடை. ஆனால் இரும்பு இளகாது, கருகாது. ஓரிடத்தில் விழும் சூட்டை அது பக்கவாட்டில் பரப்பிவிடும். ஃபைபர்கிளாஸ் தன்மேல் விழுவதை அந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு வேகும்.

இனி கதிர்வீச்சு. சமையலறையில் விறகடுப்பின் எதிரே நின்றவருக்கு இது தெரியும். காற்று சுடாது, முகம் சுடும். நடுவே ஒரு முறத்தைப் பிடித்தால் அந்தக் கணமே சூடு நின்றுபோகும். புகைக்குழாய் தரையைத் தொடுவதே இல்லை. இருந்தும் தரை சுடுவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

ஜோசஃப் ஸ்டெஃபான் 1879-இல் கண்டறிந்து, அவருடைய மாணவர் லுட்விக் போல்ட்ஸ்மான் 1884-இல் கோட்பாட்டால் நிறுவிய விதி சொல்வது: சூடான பரப்பு வீசும் ஆற்றல், அதன் தனி வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப உயரும். 300 டிகிரி செல்சியஸில் இருக்கும் கரும்பரப்பு ஒவ்வொரு சதுர மீட்டரிலிருந்தும் சுமார் 6,100 வாட் வீசும். நண்பகல் வெயில் தருவது ஏறத்தாழ 1,000 வாட். அதே பரப்பு 500 டிகிரிக்குப் போனால் 20,000 வாட்டைத் தாண்டிவிடும். வெப்பநிலை இருநூறு டிகிரி கூடியதற்கு வீச்சு மூன்று மடங்குக்கும் மேல் ஏறுகிறது. துருவேறிய இரும்புக் குழாய் இந்த அளவுக்கு வெகு அருகிலேயே வீசும்.

இந்த நான்காம் அடுக்கு நமக்குச் சாதகமாகவும் வேலை செய்யும். குழாயின் சூட்டைக் கொஞ்சம் குறைத்தாலே வீச்சு வெகுவாகச் சரியும். ஆகவே காலடிச் சூட்டுக்கான முதல் மருந்து சிலசமயம் எஞ்சினிலேயே இருக்கிறது. தீப்பொறி தாமதமாக விழுந்தால் எரிதல் தாமதமாக முடியும். பிஸ்டனைத் தள்ளியிருக்க வேண்டிய ஆற்றல், வால்வு திறந்ததும் புகையோடு வெளியேறிக் குழாயைச் சூடேற்றும். எழுபதுகளின் தொடக்கத்தில் புகை மாசைக் குறைப்பதற்காகவே தீப்பொறி நேரத்தைத் தாமதப்படுத்தும் ஏற்பாடுகள் வந்தன. அவை பாதி பழுதாகிக் கிடக்கும் கார்கள் இன்றும் உண்டு. சுருளாகத் தாள் வாங்குவதற்கு முன் ஒரு டைமிங் லைட்டைப் பிடித்துப் பார்ப்பது நல்லது.

அடுத்தது கேடயம். குழாய்க்கும் தரைக்கும் நடுவே பளபளப்பான அலுமினியத் தகடு ஒன்றை இரண்டையும் தொடாமல் நிறுத்திவிட்டால், கதிர்வீச்சால் கடக்கும் வெப்பம் கணக்குப்படி முப்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பளபளப்பான அலுமினியம் தன்மேல் விழும் வெப்பக் கதிரில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. அதோடு, தான் சூடான பிறகும் மறுபக்கம் மிகக் குறைவாகவே வீசுகிறது. சாலையில் சேறும் எண்ணெய்ப் பிசுக்கும் படியப் படிய இந்தப் பலன் குறையும் என்பது உண்மை. இருந்தும், விலைக்குக் கிடைக்கும் பலனை வைத்துப் பார்த்தால் இதற்கு இணையாக வேறொன்றும் இல்லை என்றே சொல்வேன்.

தொடாமல் என்பதுதான் இதன் உயிர். மினுங்கும் பரப்புக்கு முன்னால் வெற்றிடமோ காற்றோ இருந்தால்தான் கதிர்வீச்சு என்ற பேச்சே எழும். தகடு தரையோடு ஒட்டி, அதன் மேல் கார்ப்பெட்டும் அழுந்திக் கிடந்தால் அது வெறும் அலுமினியம். அலுமினியமோ கடத்தலில் இரும்பையே மிஞ்சும். கார்ப்பெட்டுக்குக் கீழே ஒட்டிய வெள்ளித் தாள் ஏமாற்றுவது இதனால்தான். அதே தாளைத் தரையின் வெளிப்பக்கத்தில், குழாயைப் பார்த்தபடி ஒட்டியிருந்தாலாவது ஓரளவு பலன் இருந்திருக்கும். ஒரு விரல் இடைவெளி விட்டுத் தனித் தகடாகத் தொங்கவிட்டால் அந்த இடுக்கில் காற்றும் ஓடித் தகட்டைக் குளிர்விக்கும்.

குழாயைச் சுற்றி நாடா கட்டுவதும் பரவலான வழக்கம். சூடு குழாய்க்குள்ளேயே நிற்கும், சந்தேகமில்லை. ஆனால் நாடா ஈரத்தைப் பிடித்துவைத்துச் சாதாரண இரும்புக் குழாயை அரித்துவிடும். எண்ணெய் சொட்டினால் அதை உறிஞ்சிக்கொண்டு தீப்பிடிக்கவும் கூடும். அதைவிடச் செராமிக் பூச்சு மேல்.

இப்போது மூன்றாவது வழிக்கு வருவோம். பழைய காரில் மிகவும் கவனிக்கப்படாத வழி இது: சலனம், அதாவது காற்றுக் கசிவு.

எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் நடுவிலுள்ள ஃபயர்வாலில் எத்தனை ஓட்டைகள்! ஸ்டீயரிங் தண்டுக்கு, கிளட்ச் கம்பிக்கு, ஆக்சிலரேட்டர் கேபிளுக்கு, ஒயர் கட்டுகளுக்கு, ஹீட்டர் குழாய்களுக்கு என்று ஒவ்வொன்றிலும் தொழிற்சாலையில் ஒரு ரப்பர் வளையம் போட்டிருந்தார்கள். ஐம்பது ஆண்டுகளில் அது காய்ந்து, வெடித்து, உதிர்ந்துபோயிருக்கும். இடையில் யாரோ ரேடியோ ஒயர் இழுப்பதற்காகப் புதிதாக ஒன்றைத் துளைத்திருப்பார்கள். கியர் லிவரின் அடியிலுள்ள ரப்பர் உறை கிழிந்திருக்கும்.

கார் ஓடும்போது பானெட்டுக்கு உள்ளே காற்று அழுத்தம் கூடும். கூரைப் பலகையைக் கழற்றிவிட்டாலோ பக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டாலோ, மேலே விரைந்து போகும் காற்று காருக்குள்ளிருந்து காற்றை உறிஞ்சும். உள்ளே அழுத்தம் குறைய, எஞ்சின் பக்கத்துச் சூடான காற்று ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் பீறிட்டு வரும். காற்று வாங்குவதற்காகக் கண்ணாடியை இறக்கியவரின் பாதத்தில் அனல் கூடுவது இதனால்தான். இரண்டரை சென்டிமீட்டர் விட்டமுள்ள ஓட்டை ஒன்றை வைத்துக் கணக்கிட்டேன். இரு பக்க அழுத்த வேறுபாடு 50 பாஸ்கல், அப்பக்கத்துக் காற்று 80 டிகிரி, உள்ளே 30 டிகிரி என்று கொண்டால், நொடிக்கு ஏறத்தாழ மூன்று லிட்டர் அனல் காற்று நுழையும். அது கொண்டுவரும் வெப்பம் சுமார் 150 வாட். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடல் வெளிவிடுவது 100 வாட் அளவே. அதாவது, ஒரு சிறு ஓட்டை, அந்த இரண்டு இருக்கைக் காருக்குள் மூன்றாவதாக ஒருவர் ஏறி உட்கார்ந்ததைவிட அதிகமாகப் புழுங்க வைக்கிறது. அப்படி நாலைந்து ஓட்டை இருந்தால் எந்தத் தாளை ஒட்டி என்ன பயன்?

இந்த ஓட்டைகளை அடைக்க வெப்பத்தைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. அனல் நுழையும் வழியில் புகையும் நுழையும். புகைக்குழாய் இணைப்பு ஒன்று கசிந்தால், நிறமோ மணமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு அந்த ஓட்டைகள் வழியே உள்ளே வரும். காரை ஓட்டினால் தலைவலிக்கிறது என்று யாராவது சொன்னால், வெயிலின் மேல் பழி போடாமல் அன்றைக்கே காரைத் தூக்கி வைத்துக் குழாயைச் சோதித்துவிட வேண்டும்.

ஓட்டைகளைக் கண்டுபிடிப்பது எளிது, இனிமையான வேலையும்கூட. கார்ப்பெட்டை எடுத்துவிட்டு, இரவில், எஞ்சினை அணைத்த நிலையில், பானெட்டுக்குள் பளிச்சென்ற விளக்கு ஒன்றை வைத்து மூடிவிட்டு, இருட்டில் ஓட்டுநர் இருக்கையில் தலைகீழாகக் குனிந்து பார்க்க வேண்டும். வெளிச்சம் வரும் இடமெல்லாம் அனல் வரும் இடம். பிறகு விளக்கை டனலுக்கு அடியில் வைத்து மீண்டும் பார்க்கலாம். முதல்முறை பார்ப்பவர்களுக்கு அது நட்சத்திர வானம்போல் இருக்கும். வயர் நுழையுமிடத்தில் புது ரப்பர் வளையம், பெரிய இடைவெளிக்குத் தகடு, மிச்சத்துக்கு வெப்பம் தாங்கும் சீலன்ட். மொத்தச் செலவு இரண்டு சுருள் தாளின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

யாரும் சந்தேகிக்காத ஒரு குற்றவாளி டேஷ்போர்டுக்குள்ளேயே இருக்கிறது: குளிர்காலத்துக்கான ஹீட்டர். எஞ்சினைக் குளிர்வித்துவிட்டு வரும் 90 டிகிரித் தண்ணீர் ஓடும் குட்டி ரேடியேட்டர் அது. ஹீட்டரை அணைக்கும்போது சில கார்களில் ஒரு வால்வு தண்ணீரை நிறுத்தும். சிலவற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க, ஒரு மடிப்புக் கதவு காற்றை மட்டும் தடுக்கும். அந்தக் கதவின் விளிம்பிலுள்ள நுரை பொடிந்துபோனாலோ, வால்வு முழுதாக மூடாவிட்டாலோ, சித்திரை வெயிலிலும் ஹீட்டர் எரிந்துகொண்டிருக்கும். நிமிடத்துக்கு ஒரே ஒரு லிட்டர் தண்ணீர் கசிந்து, பத்து டிகிரி சூட்டை உள்ளே விட்டுப் போனாலும் 700 வாட். ஓர் அறையைச் சூடாக்கும் சிறிய ஹீட்டருக்குச் சமம். கண்டறிய வழி எளிது: ஹீட்டரை அணைத்துவைத்துச் சிறிது தூரம் ஓட்டிவிட்டு, அதற்குப் போகும் குழாயையும் திரும்பும் குழாயையும் அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து பார்த்தால் போதும். வால்வு உள்ள காரில் இரண்டுமே சூடாக இருந்தால் அது மூடவில்லை என்று பொருள்.

அந்த வெப்பமானியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது பரப்பு வீசும் கதிரை வைத்தே வெப்பநிலையைக் கணிக்கிறது. மினுங்கும் உலோகம் குறைவாக வீசுவதால், 200 டிகிரியில் கொதிக்கும் அலுமினியத் தகட்டை அது சாதுவான குளிர்ந்த தகடாகக் காட்டிவிடும். நம்பித் தொட்டால் கொப்புளம்தான். அந்த இடத்தில் வெப்பம் தாங்கும் கருப்பு நாடாத் துண்டு ஒன்றை ஒட்டி, அதன் மேல் அளக்க வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகே தரைக்குக் காப்புத் தாள் விரிக்கலாம். நுரைத் தாளோ நார்த் தாளோ, எதுவானாலும் உலர்ந்திருக்க வேண்டும். இந்தக் கார்வெட்டுகளின் கழற்றும் கூரையில் ரப்பர் விளிம்பு வழியே மழை ஒழுகுவது வழக்கம். நனைந்த நார்த் தாளில் காற்று இருந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. தண்ணீர் அசையாக் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும். ஈரக் கரித்துணியால் உலைப்பானையை இறக்கிய யாருக்கும் இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. ஆக, கூரை ஒழுகுவதை நிறுத்துவதும் காலடி வெப்பத்துக்கான வைத்தியம்தான். பழைய தாளைப் பிய்த்தெடுக்கும்போது கவனம் வேண்டும். அந்தக் காலத்து வெப்பத் தடுப்புப் பொருள்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். எதுவென்று தெரியாத சாம்பல் நிறத் தகட்டை உலர்ந்த நிலையில் சுரண்டித் தூசி கிளப்புவது நுரையீரலுக்கு ஆபத்து.

கண்ணாடி வழியாக வரும் வெயிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1978-இல் கார்வெட்டின் பின்புறத்துக்குச் சரிந்த பெரிய கண்ணாடி வந்தது. பார்க்க அழகு, வெயிலில் பசுங்குடில். சூரிய ஆற்றலில் ஏறத்தாழ பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அதை மட்டும் தடுத்து வெளிச்சத்தை விடும் படலங்கள் இன்று கிடைக்கின்றன. கண்ணாடியைக் கருப்பாக்கி இரவில் பார்வையைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

இத்தனையும் செய்தாலும் ஒரு நேரத்தில் மட்டும் சூடு திரும்ப எட்டிப்பார்க்கும்: காரை நிறுத்திய பிறகு. எஞ்சின் நின்றதும் தண்ணீர் ஓட்டம் நிற்கிறது, காற்றாடி நிற்கிறது, சாலைக் காற்றும் நிற்கிறது. ஆனால் இரும்பு வார்ப்பான அந்த எஞ்சினும் புகைக்குழாய்களும் அத்தனை சூட்டையும் தமக்குள் தேக்கி வைத்திருக்கின்றன. போக வேறு வழியில்லாமல் அது பானெட்டுக்குள் ஏறும், ஃபயர்வாலில் ஊறும், ஓடும்போது இருந்ததைவிடக் கூடுதலாகவே உள்ளே பரவும். கால் மணி நேரம் கழித்து வந்து கதவைத் திறப்பவரை அனல் வரவேற்பது அதனால்தான். இதற்குத் தாளும் வேண்டாம், தகடும் வேண்டாம். வீட்டுக்கு வந்து நிறுத்தியதும் பானெட்டைத் திறந்துவைத்தால் போதும். அந்த நீண்ட ஃபைபர்கிளாஸ் மூடி முன்னோக்கிச் சாய்ந்து திறந்திருக்க, எஞ்சினின் மேல் காற்று அலையலையாக நடுங்கிக்கொண்டே மேலேறிப் போவதைச் சாய்வெயிலில் கண்ணால் பார்க்கலாம்.